எஞ்சினுக்குள் புகுந்த கடல்

ஒரு படகின் எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்றால் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்? தண்ணீர் வந்த வழியையா, பழி சுமக்க ஓர் ஆளையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். கழிமுகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றும் ஒரு படகின் முதலாளி, படித்தவர், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர், ஆளைத்தான் தேடினார். தேடும் சிரமம்கூட அவருக்கு இல்லை. காது சரியாகக் கேட்காத ஓட்டுநர் ஒருவன் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றான்.

அந்த ஓட்டுநரின் அண்ணிதான் படகின் மெக்கானிக். படகுத்துறையில் அவளுக்குப் பெயர் 'கழட்டி'. வயது நாற்பத்தைந்து. பை தைக்கும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். மெஷின் நின்றுபோனால் ரிப்பேர்காரர் வரும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சும்மா இருப்பது அவள் பிறவியிலேயே இல்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து அவளே திறந்து பார்த்தாள். அங்கிருந்து தண்ணீர் பம்பு, பிறகு ஜெனரேட்டர், கடைசியில் படகு எஞ்சின். துறைக்கு வந்த முதல் நாளே ஒருவன், "நீ வந்து என்னத்தக் கழட்டப் போற?" என்று கேட்டான். "கழட்டத்தான் வந்திருக்கேன். நீ இத்தன வருஷமா என்னத்தக் கழட்டுன, அதச் சொல்லு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். இரண்டு நாள் காற்றும் மழையும். படகு கட்டியே கிடந்தது. வழக்கமாக மூக்கைக் கடல் பக்கம் வைத்துக் கட்டுவார்கள். அந்த வாரம் துறையில் இடமில்லாததால் பின்புறத்தை அலைக்குக் காட்டிக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை கொழுந்தன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, 'டக்' என்று இறுகி நின்றது.

முதலாளி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இவனுக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னே கேக்காது. சாவியத் திருப்பிக்கிட்டே இருந்திருப்பான். பம்பு தண்ணியா அடிச்சு உள்ள ரொப்பிடுச்சு. சாயங்காலம் நாலு மணிக்குப் படகு ஓட்ட வேற ஆள் வர்றான்."

"ஒரே தடவதான் திருப்புனேன் சார்!" கொழுந்தன் வழக்கம்போலக் கத்தினான். "எஞ்சின் பிடிச்சா எனக்கு உள்ளங்கையிலயே தெரியும். மூடி மேல கை வச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்."

"கையால கேக்குறானாம். கேட்டுக்கம்மா!" என்று முதலாளி கழட்டி பக்கம் திரும்பினார்.

அந்தக் காது போனதும் இதே எஞ்சினால்தான். பதினெட்டு வருடம் அதன் பக்கத்தில் நின்றதில் இடது காது முழுக்கப் போயிற்று, வலது காது பாதி. காதைத் தின்ற எஞ்சினைச் சாட்சியாக வைத்தே வேலையையும் பிடுங்கப் பார்த்தார்கள். இதற்குப் பெயர் நிர்வாகம்!

கழட்டி சண்டைக்குப் போகவில்லை. முதலாளி சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பது அவளுக்குத் தெரியும். எஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், குளிர்விக்கப் பம்பு இழுக்கும் கடல் தண்ணீரைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் திரும்பி எஞ்சினுக்குள் ஏறிவிடும். கொழுந்தன் என்பதற்காக அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவைக்க அவள் தயாராக இல்லை. "நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல, பாத்துட்டுச் சொல்றேன்" என்று எஞ்சின் அறைக்குள் இறங்கினாள்.

டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினாள். மூன்று சிலிண்டரில் இரண்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன. விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். உப்பு. அப்படியென்றால் ரேடியேட்டர் தண்ணீர் கசியவில்லை. கடல்தான் வந்திருக்கிறது. பம்பு வழியாக வந்ததா, பின்புறப் புகைக்குழாய் வழியாக வந்ததா என்பதுதான் கேள்வி.

புகைக்குழாய் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறாமல் இருக்க அதில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு உண்டு. பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு ரப்பர் மடல் தொங்கும். புகை தள்ளினால் திறக்கும், தள்ளாதபோது தானாக விழுந்து மூடிக்கொள்ளும். வால்வுக்கு எஞ்சின் பக்கம் இருந்த ஹோஸைப் பிடுங்கினாள். பிறகு மேலே எட்டிக் கத்தினாள்:

"தம்பி, வெளிய இருந்து குழாய்க்குள்ள தண்ணி அடி! சார், நீங்க கீழ வாங்க, உங்க கண்ணால பாருங்க."

கொழுந்தன் வெளியே நின்று துறைக்குழாயிலிருந்து தண்ணீர் அடித்தான். வால்வு நன்றாக இருந்தால் ஒரு சொட்டு வரக்கூடாது. கொடகொடவென்று கொட்டி முதலாளியின் செருப்பை நனைத்தது.

"அப்ப வால்வு போச்சா?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "வால்வத் தினம் பாக்க வேண்டியது ஓட்டுநர் வேலதானே? அப்பவும் அவன் தப்புதான்" என்றார். நிமிர்த்திப் போட்டாலும் கவிழ்த்துப் போட்டாலும் அவருக்கு ஒரே ஆள்தான் விழுந்தான்.

கழட்டி வால்வுக்குள் டார்ச் அடித்து, சைக்கிள் கண்ணாடி ஒன்றை நீட்டிப் பார்த்தாள். எஞ்சின் சூடேறினால் மடல் கருகிப்போவதுண்டு. இது கருகவில்லை. கிழியவில்லை. புதிது போல வளைந்துகொடுத்தது. வால்வின் மேல் இருந்த அம்புக்குறியும் சரியாக வெளிப்பக்கத்தையே காட்டியது. பின்னே எப்படி? கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தாள். மடலின் கீல் அடியில் இருந்தது. மேலிருந்து தொங்க வேண்டிய மடல் கீழே மல்லாந்து படுத்திருந்தது. கடலுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

வால்வின் அடிப்பக்கத்துப் பெயின்டை நகத்தால் சுரண்டினாள். 'மேல்பக்கம்' என்று காட்டும் குறி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த ஹோஸை மாற்றி, வால்வைக் கழற்றி மாட்டியது யார்? அவள்தான். அந்த மூலையில் உட்கார இடமில்லை. காலை எஞ்சின் மேல் போட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மாட்டினாள். அம்புக்குறியைப் பார்த்தாள். மேல் எது கீழ் எது என்பதைத் தொங்கிய தலை தீர்மானித்துவிட்டது. மூக்கு கடலைப் பார்த்தவரை படகு அதை மறைத்துக்கொடுத்தது. பின்புறத்தைக் காட்டியதும் குட்டு வெளிப்பட்டது.

முதலாளி மேலே ஏறிக்கொண்டிருந்தார். "ரப்பர் பழசாயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைப்பு நடக்கும். ஆனால் பழைய ரப்பரைக் கவனிக்காத குற்றம் யார் தலையில் விழும் என்று இப்போதுதான் அவர் வாயாலேயே கேட்டிருந்தாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"சார், வால்வு கெடல. நான் தலகீழா மாட்டிட்டேன்."

அவர் படியிலேயே நின்றார். "கொழுந்தனக் காப்பாத்த நீயே பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறியாக்கும்?"

"நம்பவே வேணாம். நின்னு பாருங்க."

கிளாம்பைத் தளர்த்தி வால்வைத் திருப்பி, கீலை மேலே கொண்டுவந்து இறுக்கினாள். "தம்பி, அடி!" என்றாள். தண்ணீர் குழாயில் மோதும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. முதலாளி விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். மறுபடியும் விரலை விட்டார். காய்ந்த விரல்.

"அண்ணி, நீங்களா?" என்றான் கொழுந்தன் மேலிருந்து. பாதிதான் காதில் விழுந்திருந்தது.

"நானேதான். திட்டணும்னா வீட்ல வந்து திட்டு. ஊருக்கே கேக்குற மாதிரி இங்க வேணாம்."

நாலு மணி ஆளை முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கழட்டியையும் தன் மற்ற இரண்டு படகுகளுக்கு வரவேண்டாம் என்றார். படகின் பதிவு நோட்டில், எஞ்சினுக்குள் தண்ணீர் வந்த காரணத்தையும் அது தன் தவறு என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலைவரை சிலிண்டர்களைக் காயவைத்து, கலங்கி வெளுத்திருந்த ஆயிலை மூன்று முறை மாற்றினாள். கொழுந்தன் மூடி மேல் உள்ளங்கையை வைத்துச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. அதே நொடியில் அவன் கை சாவியை விட்டது. முதலாளி அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"சார், இவனுக்குக் காதுமூடி ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள் கழட்டி.

"பதினெட்டு வருஷமா இல்லாதது இப்ப எதுக்கு?"

"வலது காது இன்னும் பாதி மிச்சம் இருக்கே, அதுக்கு."

பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் ஊரிலும் எஞ்சின் அறை இருக்கும், தறிக்கூடம் இருக்கும், கல் உடைக்கும் மெஷின் இருக்கும். இந்த வாரமே ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே காது மூடாமல் யாராவது நின்றால் பொறுப்பில் இருப்பவரிடம் போய், ஏன் என்று கேளுங்கள். முதல் தடவை அவருக்குக் கேட்காது. கேட்கும் வரை கேளுங்கள்.