சராசரி அனுப்புகிறவன்

இருக்கிற இடத்தை விட்டு அசையாமல், எங்கோ தொங்குகிற தராசுக்கு நிதானம் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். மின் தராசு ஒரு மூட்டையை நொடிக்குப் பலமுறை அளக்கும். அதில் எத்தனை அளவுகளைச் சேர்த்துச் சராசரி காட்டுவது என்று அலுவிகாரையில் ஒரு மாடி அறையிலிருந்து நான் கட்டளை அனுப்புவேன். தராசு ‘சரி’ என்று பதில் அனுப்பும். பல நாட்களில் எனக்குக் கிடைக்கிற ஒரே பதில் அதுதான். தனியறையில் திரையைப் பார்த்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கலேவெல அவசரம்

கலேவெலயில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற முஸ்லிம் நானா ஒருவர், எண் ஆடுகிறது என்று சத்தம் போட்டார். சராசரியைக் கூட்டினேன். ஆட்டம் நின்றது, ஆனால் எண் ஆற அமர ஏறத் தொடங்கியது. வாசலில் தம்புள்ள சந்தைக்குப் போகிற லொறி ஹோர்ன் அடிக்க, அது ஏறி முடிக்குமுன் ஆட்கள் மூட்டையை இறக்கிவிட்டார்கள். நடுவில் ஓர் அளவு வைத்துச் சமாதானம் செய்தபோது நானா சொன்னார்: “தம்பி, ஒங்கட தராசு எங்கட மருமகன் மாதிரி ஈக்குது. கேட்டா பதில் சொல்லும், ஆனா லொறி போன பொறகுதான்.”

கீழ்வீட்டு அம்மா

வீட்டுச் சொந்தக்காரி சிங்கள அம்மா. “நில்லு, ஆடாதே” என்று நான் திரையிடம் கெஞ்சுவது படிக்கட்டு வரை கேட்குமாம். ஒரு பகல் பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி கொண்டுவந்தவர், அறைக்குள் எட்டிப் பார்த்து, கதவுக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் கேட்டார்: “தம்பி, நீங்க சண்டை போடுற ஆள் எங்க?”

எல்கடுவ வரிசை

எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்துத் தராசு வெளியில் தொங்குகிறது. காற்றில் எண் ஆடியதால் சராசரியை நன்றாகக் கூட்டி வைத்திருந்தேன். அந்தி நிறுவையின்போது கணக்கப்பிள்ளை என்னை அழைத்துத் தொலைபேசியைத் திறந்தே வைப்பார். நான் எண்களைக் கவனிக்க, வரிசையில் நிற்கிற பெண்களின் பேச்சும் சிரிப்பும் அறைக்குள் வரும். அந்த நேரத்துக்காகவே குளித்துச் சட்டை மாற்றி உட்கார்ந்ததுண்டு. சிரிக்காதீர்கள்.

லெச்சுமி அக்காவின் குரல் மட்டும் கடைசியில், தனியாக வரும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். கொழுந்து குறைவாகத்தான் எடுப்பார். அவருக்குப் பின்னால் நிறுத்தால் எடை குறைகிறது, அவருக்குக் கைராசியில்லை என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்களாம், கணக்கப்பிள்ளைதான் சொன்னார்.

எடை குறைந்தது உண்மை. ஒரு சாக்கைக் கழற்றிய கையோடு அடுத்ததை மாட்டினால், முன்னதன் அளவுகளும் புதிய சராசரியில் கலந்துவிடும். எண் நிலைக்குமுன் கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார். கனத்த சாக்குக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எடை கூடியது; அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நான் விளக்க, கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொல்லியும் ஒருவரும் இடம் மாறவில்லை. லெச்சுமி அக்காதான் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்தார். “விடுங்க தம்பி. காய்ச்சல்ல கெடந்தப்பவே ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வரிசையில எனக்குப் பின்னாடி நிக்கவா போறாங்க?”

கடைசி அழைப்பு

எடை சட்டென்று மாறினால் பழைய அளவுகளை உதறிவிட்டுப் புதிதாகச் சராசரி போடச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதை அனுப்பினால் தராசுக்கு என் காவல் வேண்டாம். சில நாள் சோதித்த பிறகு அந்தப் பேச்சுச் சத்தமும் வராது. தெரிந்தேதான் அனுப்பினேன்.

அன்று கணக்கப்பிள்ளை லெச்சுமி அக்காவின் சாக்கை முதலில் மாட்டச் சொன்னார். அடுத்து வந்தவர் நம்பாமல், தன் சாக்கைக் கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தார். எடை குறையவில்லை. சில நாட்களில் அக்காவின் குரல் வரிசையின் நடுவிலிருந்து வந்தது, “இடிக்காம நில்லுடி” என்று யாரையோ ஏசிக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கணக்கப்பிள்ளை தொலைபேசியைக் கையிலெடுத்து, மனம் நிறைந்து சொன்னார்: “தராசு நல்லாயிருச்சுங்க தம்பி. இனிமே ஒங்கள தொந்தரவு பண்ண மாட்டோம்.”

வேலையை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு எங்கள் தொழிலில் கிடைக்கிற பரிசு, மணியடிக்காத ஒரு தொலைபேசி.