சிவஞானம் அண்ணை வாட்டிய பூசணிக்காய்

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை லோஞ்சுப் படகுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றபோது என் கைத்தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை, நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களின் கூட்டம். வயதான ஓர் அம்மாவை ஒரு கையால் படகுக்குள் இறக்கியபடியே மறுகையால் எடுத்தேன். சிவஞானம் அண்ணையின் பக்கத்து வீட்டு இராசமலர் அக்கா பேசினார்.

"தம்பி, அண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார். கிணத்தடியில விழுந்து கிடந்தவர். வாகனம் வர முதலே முடிஞ்சுது."

"மங்களம் அக்காவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீர் கெதியா வாரும்."

இப்போது லோஞ்சை ஓட்டுகிறவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சுக்கானை இருபத்தெட்டு வருடம் பிடித்த கை அண்ணையினுடையது. ஏறியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அண்ணையின் ஒரே மகள் சுகந்தி. "மாமா, அப்பா நல்லவர், பொறுமையானவர் எண்டு எல்லாரும் எழுதுவினம். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ" என்றார். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணை புங்குடுதீவில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்மூடியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் லோஞ்சை ஓட்டினார். நான் கயிறு கட்டி, ரிக்கற் கிழித்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரே படகில் அவரோடு நின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

அதிகம் பேசமாட்டார். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் தலையைச் சரித்துக் கேட்பார். ஒரு மாரிகாலத்தில் வாடைக்காற்று கடுமையாக அடித்த நாள், கொழும்பிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் உடனே புறப்பட வேண்டுமென்று நெருக்கினார். தான் யாரென்று தெரியுமா என்றும் கேட்டார். அண்ணை எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "எனக்குத் தெரியும் ஐயா. கடலுக்குத் தெரியாது. காத்துக் குறையட்டும், போவம்." பிறகு தேத்தண்ணிக் கடை வாங்கில் போய் இருந்துவிட்டார். பிற்பகல் காற்று விழுந்தபின் அதே ஐயாவைக் கைபிடித்து ஏற்றி, துணி நனையாமல் அக்கரை சேர்த்தார்.

கடலில் இவ்வளவு நிதானமான மனிதர் சாப்பாட்டு விடயத்தில் வேறு ஆளாக இருந்தார். மங்களம் அக்கா நாள்தோறும் சமைத்து, மத்தியான பஸ்ஸில் சாப்பாட்டுக் கரியரைக் கொடுத்துவிடுவார். அண்ணை முதல் கவளத்தை வாயில் வைப்பார். உப்புக் குறைவு, புளி கூட, சோறு குழைந்துவிட்டது. ஏதோ ஒன்று மனதுக்குப் பிடிக்காவிட்டால் மூடியை இறுக்கி, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுவார். கிழமையில் இரண்டு நாளாவது இது நடக்கும். "அவளே சாப்பிட்டுப் பாக்கட்டும்" என்பார். அந்தக் கரியரில் நானும் பல நாள் கை வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இருந்ததில்லை. அதை அவருக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. அது என்னுடைய பிழை.

அவர் ஓய்வுபெற்று இரண்டாம் வருடம் மங்களம் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதாக விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பாலும் கஞ்சியும் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின் குழாயை எடுத்துவிட்டு, மசித்த உணவாக வாயால் கொடுத்துப் பழக்குங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகந்தி கனடாவிலிருந்து வந்து ஐந்து கிழமை நின்று பார்த்தார். அவர் கொடுத்தபோது அக்கா கொஞ்சம் சாப்பிட்டார். புறப்படும் நாள் நெருங்க, தகப்பனும் மகளும் என் முன்னாலேயே வாதாடினார்கள்.

"அப்பா, உங்களுக்குத் தேத்தண்ணி வைக்கவும் தெரியாது. அம்மாவை யாழ்ப்பாண ரவுணில ஒரு இல்லத்தில விடுவம். அங்க பாக்க ஆக்கள் இருக்கினம்."

"ஏலாது."

"ஏலாதெண்டால் என்ன செய்யப்போறியள்?"

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு மாதம் தா பிள்ளை. அவள் சாப்பிடேல்லையெண்டால் நீ சொன்னபடி செய்யிறன்."

சுகந்தி போகுமுன் யாழ்ப்பாணத்தில் ஓர் எயார் பிரையர் வாங்கிக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனார். எண்ணெய்ச் சட்டி இல்லாமல் சூட்டுக் காற்றால் பொரிக்கிற மின்சாரப் பெட்டி. அடுப்பில் எதையும் வைத்துவிட்டு அண்ணையால் அக்காவை விட்டு நகர முடியாது. இது நேரம் வைத்தால் தானாக நின்று மணி அடிக்கும் என்பது மகளின் கணக்கு.

முதற் கிழமை அக்கா ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. கஞ்சி, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் உதட்டோடு நின்றன. அடுத்த கிளினிக்கில் நிறை குறைந்திருந்தது. இப்படியே போனால் மறுபடி குழாய்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் நான் போனபோது அண்ணை களஞ்சிய அறை வாசலில் நின்றார். உள்ளே நிலத்தில் ஏழு பூசணிக்காய்கள் வரிசையாகக் கிடந்தன. அக்கா நோய்வாய்ப்படுமுன் கிணற்றடியில் ஊன்றிய கொடி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காய்த்து முற்றியது.

"அவளுக்குப் பூசணிக்காய் விருப்பம்" என்றார். "கறியாக்கினால் அடிச்சட்டியை வழிச்சுச் சாப்பிடுவாள். இது மட்டும்தான் எனக்குத் தெரியும். வேற என்ன விருப்பமெண்டு தெரியாது. கலியாணம் முடிச்சு முப்பத்தாறு வரியம், தெரியாது."

அன்று அவர் முதன்முதலாகப் பூசணிக்காய் வெட்டியதைப் பார்த்தேன். பெரிய பெரிய துண்டங்கள். மிளகு, மஞ்சள் பிரட்டி, கறிவேப்பிலை தூவிப் பெட்டிக்குள் வைத்தார். எஞ்சினுக்கு முன் இருப்பதுபோலக் கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்தார். ஐந்து நிமிடத்தில் கருகிய மணம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இஞ்ச பாரும். மேல சுருள் கம்பி, அதுக்கு மேல விசிறி. காத்து மேலயிருந்து அடிக்குது. இலை பறந்து கம்பியில ஒட்டாமல் என்ன செய்யும்?"

இலையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தும், அன்றைய பூசணிக்காய் வெளியே கரி, உள்ளே பச்சை. ஒரு துண்டின் வெந்த பக்கத்தை மட்டும் சுரண்டி, மசித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா நாக்கு நுனியில் வாங்கினார். பிறகு இடது கையால் கோப்பையைத் தள்ளிவிட்டார். கோப்பை கவிழ்ந்து நிலத்தில் உருண்டது.

அண்ணை அதை எடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இப்பிடித்தான் நான் திருப்பி அனுப்பினனான். ஒவ்வொரு தரமும் அவள் கரியரைத் திறந்து பாத்திருப்பாள். நான் அந்த முகத்தைக் காணேல்லை. பஸ்ஸில அனுப்பிப்போட்டு நிம்மதியா இருந்திட்டன்."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "மங்களம், பிழை என்னிலதான். நாளைக்கும் கொண்டுவாறன். பிடிக்காட்டி நீர் தள்ளிவிடும்."

எப்போதும் 'நீ' என்கிறவர், மனைவியை 'நீர்' என்று அழைத்ததை அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நாட்களில் வேலை முடிந்து போகும்போதெல்லாம் ஒரு செய்தி இருக்கும். துண்டங்களை அரை விரல் தடிப்புக்குக் குறைத்துவிட்டார். தோலைச் சீவாமல் விட்டால் வெந்த சதை குலையாமல் நிற்கிறது. கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றாவிட்டால் வாடாமல் அவிந்துபோகிறது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக்கூடாது; காற்றுப் போக இடம் வேண்டும். உள்ளிப்பூண்டை முதலே போட்டால் கைக்கிறது, கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போட்டால் போதும். கறிவேப்பிலையைத் துண்டங்களுக்கு அடியில் வைத்தால் பறக்காது. பின்னேரத்தில் மின்சாரம் பலம் குறைவு, அதனால் காலை பத்து மணிக்கே வைத்துவிட வேண்டும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், மிளகு, சீரகம், மஞ்சள். பத்து நிமிடத்தில் ஒருமுறை புரட்டி, இருபதாம் நிமிடம் ஈர்க்கால் குத்திப் பார்ப்பார். பிரஷர் காரணமாக டொக்டர் உப்பை மறித்திருந்தார். அதனால் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும் பாகத்தைத் தான் சாப்பிட்டு, நடுச் சதையைக் கரண்டியால் வழித்து, தேங்காய்க் கட்டிப்பாலில் மசித்து அக்காவுக்கு எடுப்பார்.

அக்கா தள்ளுவதை நிறுத்தினார். இரண்டு கரண்டி, பிறகு நான்கு. ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் விழுங்கினார் என்று அண்ணை கவலைப்பட்டார்.

அவர் கேட்ட மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில், நான் நயினாதீவில் படகு கட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அண்ணையின் குரல்தான், ஆனால் சொற்கள் உடைந்துகொண்டிருந்தன. அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

"தம்பி, அவள் கதைச்சிட்டாள்."

"என்ன அண்ணை?"

"கதைச்சிட்டாளப்பா. மூண்டு மாதத்துக்குப் பிறகு. இப்ப, சாப்பிடேக்கை."

"என்ன சொன்னவ?"

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உப்பு எண்டாள். உப்புக் குறைவாம்."

அடுத்த கிளினிக்கில் நிறை ஒரு கிலோ கூடியிருந்தது. குழாய் தேவையில்லை என்றார்கள். உப்புக் கதையைக் கேட்ட டொக்டர் வாய்விட்டுச் சிரித்து, ஒரு கிள்ளுக்கு அனுமதி கொடுத்தார். சுகந்தியோடு வீடியோவில் பேசியபோது அண்ணை ஒன்றும் வாதாடவில்லை. கரண்டியை அக்காவின் வாய்க்குக் கொண்டுபோனார், அக்கா வாயைத் திறந்தார். மகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி அப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின் இரண்டு வருடம் இருவரும் அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். அக்காவின் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முழு வசனம் கடைசிவரை வரவில்லை. அண்ணை பருப்பு, மீன், கீரை எல்லாம் பழகினார். பூசணிக்காய் மட்டும் கிழமைக்கு மூன்று நாள். ஏழு காயும் முடிந்தபின் அவற்றின் விதையையே ஊன்றினார். ஒரு நாள் நான் போனபோது அக்கா இடது கையால் ஒரு துண்டை எடுத்து அண்ணையின் வாய்க்கு நீட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கி, துண்டு மூக்கில் பட்டது. அவர் அசையாமல் காத்திருந்து வாங்கிக்கொண்டார். நான் வாசற் படலையடியில் சற்று நின்றுவிட்டு உள்ளே போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அவரது நெஞ்சு நின்றுபோனது. அக்காவுக்குச் செய்தியைச் சொன்னவன் நான்தான். சொல்ல வாயெடுக்குமுன்னரே என் முகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றும் மறுநாளும் இராசமலர் அக்கா கெஞ்சியும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சுகந்தி வந்து சேர்ந்தார். பயணப் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே தாயிடம் போய் முழங்காலில் இருந்து, "அம்மா, நான் இனி இஞ்சதான். உங்களை விட்டுட்டு ஒரு இடமும் போகேல்லை" என்று சொன்னார். பிறகு குசினிக்குள் போய், தகப்பன் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்தபடி தானே பூசணிக்காயை வாட்டி எடுத்து வந்தார். அக்கா நான்கு கரண்டி சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் கிரியை முடிந்து, எல்லோரும் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றோம். சில்லுக் கதிரையில் வைத்து அக்காவைச் சவப்பெட்டியடிக்குக் கொண்டுவந்தார்கள். கையைப் பிடித்துவிடப் போன சுகந்தியை அவர் தலையசைத்து மறித்தார். இடது கையால் தானே அரிசியை அள்ளினார். பாதி மடியில் கொட்டியது. மீதியை, நடுக்கம் அடங்கும்வரை பொறுத்திருந்து, அண்ணையின் உதட்டில் வைத்தார். அப்போது அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். மெதுவாக, எழுத்தெழுத்தாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"சாப்பிடுங்கோ."

போயிட்டு வாங்கோ அண்ணை. காத்து விழுந்திட்டுது.