துவக்குக்காரர் காட்டிய அட்டை

கார் து நோர் ரயில் நிலையத்தில் இராணுவம் காவலுக்கு நடக்கும். மூன்று நான்கு பேராக, நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடைக் கண்ணாடிகளைப் பார்த்தபடி ஆறுதலாக நடப்பார்கள். இந்தப் பிரெஞ்சு நாட்டுச் சனம் குறோசான் பணிசைக் கடித்துக்கொண்டு அவர்களை உரசாத குறையாகப் போகும். ஒரு பெட்டை அவர்களில் ஒருவனிடம் வழி கேட்டதைக்கூடக் கண்டிருக்கிறேன். எனக்கு அது முடியாது. புறநகரான ஸ்தேனில் இருந்து ரயிலில் வந்து இறங்கி உணவகத்துக்கு வேலைக்குப் போகும் நான், அவர்களைக் கண்டதும் பொக்கற்றுக்குள் கிடக்கும் கையை வெளியே எடுத்துவிடுவேன். அடுத்து அந்தக் கை தானாகவே சேட்டுப் பையைத் தடவும். கார்த் து செஜூர், அதுதான் இங்கே இருக்க விட்டிருக்கும் வதிவிட அட்டை, கிடக்கிறதா? கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு வரும். இத்தனை காலத்தில் அவர்களில் ஒருவனும் என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், ‘உவருக்கு இன்னும் உந்தப் பயம் போகேல்லையோ’ என்று சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரியுங்கள். இங்கே தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களும் தடவுகிறவர்கள்தான். எனக்கும் இது வெட்கமாகவே இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். பொபினியில் ஒரு அலுவலகத்தில் வேலை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் இன்னும் வேகமான பிரெஞ்சில். அவள் தோமா என்ற வெள்ளைக்காரப் பொடியனை விரும்புகிறாள் என்று தெரிந்த நாளில் நான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுத மாட்டேன். பிறகு பொடியன் வீட்டுக்கு வந்தான். இடியப்பத்தைக் கையால் பிசைந்து, மீன் குழம்பின் உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினான். என் மனைவி சாந்தி அந்த இடத்திலேயே அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள். எல்லாம் சரிவரும்போல் இருந்தபோதுதான், என் குடும்பத்தைக் காட்டுகிறேன் என்று அவன் கைபேசியை எடுத்தான். தாய், தங்கை, நாய், பிறகு தகப்பன். தகப்பன் ஜெரார் அமெரிக்காவில் ஏதோவொரு மலைக்காட்டில் முழந்தாளில் இருந்தார். பக்கத்தில் குதிரை அளவில் ஒரு மான் செத்துக் கிடந்தது. அவருடைய கையில் நீளத் துவக்கு இல்லை. ஒரு றிவோல்வர் இருந்தது. முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. “உது பிஸ்டலோ?” என்று சாந்தி கேட்டாள். தோமா பெருமையாகத் தலையாட்டினான். எழும்பிக் குசினிக்குள் போனவள் அவன் விடைபெறும் வரைக்கும் வெளியே வரவில்லை.

வேட்டை ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல. வன்னியில் இடியன் துவக்கோடு பன்றிக்கும் மரைக்கும் போனவர்கள் என் சொந்தத்திலேயே இருந்தார்கள். வெடிமருந்தை இடித்து இறுக்கிச் சுடுகிற அந்த நீளத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் போனால் எங்களுக்கு வாயூறும். கைத்துவக்கு அப்படியல்ல. எங்கள் காலத்து யாழ்ப்பாணத்தில் பிஸ்டலால் ஒரு முயலைக்கூட ஒருத்தரும் சுட்டதாக நான் அறியேன். அது மனிசரைச் சுடுவதற்கென்றே சேட்டுக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட சாமான். சேட்டை வெளியே விட்டுக்கொண்டு இரண்டு பேர் சைக்கிளில் வந்தால் ஒழுங்கையில் படலைகள் சாத்தப்படும். சாந்தியின் அண்ணன் அப்படி வந்த இருவருக்குத்தான் படலையைத் திறந்தார். பெயரைக் கேட்டார்கள், “ஓம், நான்தான்” என்றார். எந்தப் பக்கத்தார், ஏன் செய்தார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. சாந்தி அப்போது கிணற்றடியில் நின்றாள். இதற்கு மேல் அவள் என்னிடம்கூட அதைப்பற்றிப் பேசியதில்லை.

“என்ரை பிள்ளையைப் பிஸ்டல் கிடக்கிற வீட்டுக்கு அனுப்ப மாட்டன். உங்களுக்கு விருப்பமெண்டால் நீங்கள் கூட்டிக்கொண்டுபோய்க் குடுங்கோ,” என்றாள் அன்றைக்கு.

“மே மமோ, செ பூர் லா ஷாஸ்!” அது வேட்டைக்கு அம்மா, என்று ஆரணி கத்தினாள்.

“வேட்டைக்கெண்டால் நீளத் துவக்கு இருக்கெல்லோ? இடுப்பிலை செருகிறது என்னத்துக்கு?”

ஆரணி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அன்றிலிருந்து தாயும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உப்பை எடுத்துத் தரச் சொல்வதென்றாலும் என் மூலமாகத்தான். உணவகத்தில் முதலாளியின் வாய், வீட்டில் இவர்களின் வாய்மூடல். இடையில் நான் வதங்கினேன்.

லா சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் குணம் அண்ணையிடம், முருங்கைக்காய் தெரிந்தெடுத்தபடியே இதைச் சொன்னேன். “உனக்கென்ன விசரே?” என்றார். “அந்த மனிசன் பண்டி சுடுறவன், மான் சுடுறவன். போய் ஆளின்ரை முகத்தைப் பாரடா. முகத்தைப் பாத்தால் தெரியாதே?”

“சாந்தி வரமாட்டாள் அண்ணை.”

“சும்மா போ. பெத்தவள் வராமல் விடுவாளே?”

அவர் சொன்னதுதான் நடந்தது. சாந்தி வரச் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தச் சாமானைத் தன் கண்ணால் காண வேண்டும். அது எதற்கென்று அந்த மனிசனின் வாயால் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓமோ இல்லையோ. இதை ஆரணி தோமாவிடம் எப்படிச் சொன்னாளோ, தோமா தகப்பனிடம் எப்படிச் சொன்னானோ, ஜெராருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, ‘அவர்களுக்கு உங்கள் றிவோல்வரைப் பார்க்க நல்ல ஆசை’ என்பதாக இருந்தது. மனிசன் குளிர்ந்துபோனார்.

போன ஞாயிறு காலை நாங்கள் மூவரும் ஓஸ்தெர்லிஸ் நிலையத்தில் ரயில் ஏறி, சொலோஞ் காட்டுப் பக்கம் போனோம். சாந்தி பயற்றம் பணியாரப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்தபடி, போகும் வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரார் நிலையத்துக்கே வந்திருந்தார். வயிறு தள்ளிய, கலகலப்பான, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. வந்த வேகத்தில் சாந்தியின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார், அது இந்த ஊர் வழக்கம். இவள் கம்பம் மாதிரி நின்றாள். அவருடைய வீட்டுக் கொட்டிலில் செம்மஞ்சள் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் கூடியிருந்தார்கள். காலையில் இரண்டு பன்றி விழுந்திருந்தது. இறைச்சியை வெட்டி, நீள மேசையில் கூறு கூறாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்லுவார். ஓரவஞ்சகம் கிடையாது.

சாந்தி என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். “இஞ்சரப்பா, இது பங்கு இறைச்சியெல்லோ? ஈரலையும் எல்லாக் கூறுக்கும் சமனாய்ப் போட்டிருக்கினம்.” ஊரில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடும்போது நாங்கள் செய்வதேதான். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஜெரார் தனக்கு விழுந்த கூறைப் பையில் போட்டு என் கையில் தந்துவிட்டார்.

சாப்பிட்டுக் கோப்பியும் வந்த பிறகு, தோமாவும் தாயும் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போக, ஜெரார் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவே அதை வைத்தார். கறுத்த, தடித்த குழல். அதன் வாயில் என் சுண்டுவிரல் நுனி நுழையும். அவர் தோட்டாச் சுழலியைத் திறந்து ஆறு குழியும் வெறுமை என்று காட்டியிருக்கிறார். அதை நான் பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் என் உடம்பு எழும்பி நின்றுவிட்டது. கை சேட்டுப் பைக்குப் போனது. வதிவிட அட்டையை எடுத்து, துவக்குக்கு முன்னால், என் படம் மேலே தெரியும்படி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சாந்தியும் எழும்பி நிற்கிறாள். கைப்பையைத் திறந்து தன்னுடைய அட்டையை என்னுடையதுக்குப் பக்கத்தில் நேராக அடுக்கிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் பேசி வைத்துச் செய்யவில்லை.

“பப்பா! கெஸ்க் து ஃபே?” என்ன செய்கிறாய் என்று ஆரணி கேட்டாள். அவள் முகம் வெட்கத்தில் சிவந்துபோயிருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

ஜெரார் அட்டைகளைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். நீங்கள் செய்வதுதான் சரி, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினார். அவர்களுடைய சூட்டுப் பயிற்சிக் கழகத்தில், துவக்கை வெளியே எடுக்கு முன்னர் எல்லோரும் அட்டையைக் காட்ட வேண்டுமாம். நாங்கள் அந்த ஒழுங்கு தெரிந்த ஆட்கள், தான்தான் முறை தவறிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். வேட்டை அனுமதி அட்டை, கழக அட்டை, இந்தத் துவக்கை வைத்திருக்க அரசாங்கம் கொடுத்த பத்திரம், எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்கள் பக்கம் திருப்பி வரிசையாக வைத்தார். வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

அண்ணைமாரே, அக்காமாரே, யோசித்துப் பாருங்கள். என் வாழ்நாளில் எத்தனை துவக்குக்காரருக்கு முன்னால் நின்றிருப்பேன்! துவக்கு வைத்திருந்த ஒருவர் எனக்குத் தன் அட்டையைக் காட்டிவிட்டுக் காத்துநின்றது அதுதான் முதல் தடவை.

சாந்தி மெல்ல இருந்தாள். வேட்டை அட்டையை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், ஜெராரின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசையில் போட்டுவிட்டு, மூக்கால் சொன்னாள்: “ஹரி. யன்ன.”

சோதனைச் சாவடிகளில் அட்டையைத் திருப்பித் தரும்போது ஆமிக்காரன் சிங்களத்தில் சொல்வது அது. சரி, போ. அதே அலட்சியம், அதே இழுவை. சொல்லிவிட்டு அவளே அதைக் கேட்டுத் திடுக்கிட்டவள்போல வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளால் சிரிப்பு வந்தது. சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து எத்தனை வருடமோ!

மனைவி என்ன சொன்னார் என்று ஜெரார் கவலையோடு கேட்டார். உங்கள் பத்திரமெல்லாம் சரியாம் என்றேன். “மெர்சி, மதாம்,” என்று பெருமூச்சு விட்டு அமர்ந்தார். ஆரணி ஒன்றும் விளங்காமல் எழும்பி வந்து தாயை ஒட்டி இருந்தாள். “என்னம்மா?” என்றாள், தமிழில்.

“ஒண்டுமில்லையடி. நான் கேக்கிறதை அவருக்குச் சொல்லு. நீளத் துவக்கு இருக்க இது என்னத்துக்கு?”

ஜெரார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். இந்த நாட்டில் கைத்துவக்கால் வேட்டையாட அனுமதி இல்லை. கழகத்தில் கடதாசி இலக்கைக் குறிபார்த்துச் சுடலாம், அவ்வளவுதான். அதனால்தான் அமெரிக்காவுக்குப் போனாராம். நீளத் துவக்கென்றால் தூரத்து மேட்டில் படுத்திருந்து சுட்டுவிடலாம். ஆள் ஒருவர் இருப்பதே மிருகத்துக்குத் தெரியாது. இதுக்கு மிகக் கிட்டப் போக வேண்டும். காற்று மாறினால் எல்லாம் பிழைத்துவிடும். தடித்த பாரமான குண்டு. வெடித்தால் இரண்டு கையும் தோளோடு எகிறும். இரண்டாவது வெடிக்கு அந்த மான் நிற்காது. நிச்சயம் இல்லையென்றால் சுடக்கூடாது. பல தடவை போயும் அநேகமாக வெடி வைக்காமலே திரும்பினாராம். படத்தில் கிடந்த அந்த ஒன்றைத்தான் சுட்டிருக்கிறார். “அவ்வளவு கிட்டப் போனால் அதன் மூச்சு கேட்கும். கேட்ட பிறகு சும்மா சுட முடியாது,” என்றார்.

ஆரணி மொழிபெயர்த்ததை சாந்தி கவனமாகக் கேட்டாள். “அண்ணையையும் கிட்ட வந்துதான் சுட்டவங்கள்,” என்றாள் மெதுவாக. “அவங்களுக்கு மூச்சுக் கேக்கேல்லைப் போலை.”

ஆரணி அதை மொழிபெயர்க்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாந்தி மூக்கை உறிஞ்சிவிட்டு, அந்த இரும்புப் பெட்டியின் திறப்பு, அதுதான் சாவி, ஆரிடம் என்று கேட்டாள். தன்னிடம் மட்டும்தான், தோமாவுக்குக்கூட அது இருக்குமிடம் தெரியாது என்றார் ஜெரார். “சரி, கொண்டுபோய்ப் பூட்டச் சொல்லு,” என்றாள். அவர் துவக்கையும் பத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போனார். மேசை வெறுமையானதும் சாந்தி பணியாரப் பெட்டியைத் திறந்தாள். அதுவரைக்கும் அவள் அதைக் காலடியிலேயே வைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது, பன்றிக்கு மிளகும் வாசத்துக்கு றம்பை இலையும் வாங்கக் குணம் அண்ணையின் கடைக்குப் போவோம் என்று கார் து நோரில் இறங்கினோம். எதிரே இராணுவம். என் கை பொக்கற்றில் இருந்து வெளியே வந்து சேட்டுப் பையைத் தடவியது. அட்டை இருந்தது, ஆனால் விளிம்பு வித்தியாசமாகப் பட்டது. வெளியே எடுத்தேன். ஜெரார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் அவசரமாகப் பொறுக்கியதில் அவருடைய வேட்டை அட்டை என்னோடு வந்துவிட்டது.

“என்னப்பா நிண்டிட்டியள்?” என்று சாந்தி திரும்பினாள். காட்டினேன். “அப்ப உங்கடை காட்?”

“அங்கை போயிட்டுது. பிஸ்டலோடை சேத்துப் பூட்டியிருப்பார்.”

நிலையத்தின் நடுவில் வைத்து என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அட்டையில் இருந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

“கிடக்கட்டும்,” என்றாள். “சம்பந்தி வீட்டிலைதானே கிடக்குது.”

பின்னால் வந்துகொண்டிருந்த ஆரணி அப்படியே நின்றாள். அவளுக்கு எந்தத் தமிழ் விளங்காவிட்டாலும் அந்த ஒரு சொல் விளங்கும். ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். சனம் அவர்களைச் சுற்றி விலகிப் போனது. இராணுவம் எங்களைக் கடந்து போனது. என் முகம் சொலோஞ் காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரரின் துவக்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அவருடைய முகம் என் நெஞ்சுப் பையில் கிடந்தது. இறைச்சிப் பங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைப் பொக்கற்றுக்குள் விட்டபடி, நான் லா சப்பல் பக்கம் நடந்தேன்.