இங்கே அப்படி ஒருவர் இல்லை

டொரான்டோவில், எக்ளின்டன் தெருவின் மேற்குக் கோடியில், முடிவெட்டும் கடை ஒன்றின் மாடியில் கறுப்பின மக்களுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் மையம் இருக்கிறது. புதன்கிழமை அங்கே போனால் வாசல் மேசையில் ஐசில்டா உட்கார்ந்திருப்பாள். வயது எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்தவள். வந்தவரின் பெயரை எழுதிக்கொண்டதும் இரண்டாவதாக ஒன்று கேட்பாள்.

"வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அது எதுக்கு மிஸ் ஐசி? ஜட்ஜ் என்னைக் கொஞ்சவா போறாரு?" என்று சிலர் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். பதில் வரும்வரை பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பாள்.

அந்தக் கேள்வி படிவத்தில் ஏறியது ஒருவனால். எல்லாரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். ஜமைக்காவிலிருந்து தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவன். முதலாளியோடு சண்டை போட்டு வெளியேறி, அனுமதி முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டான். ஐசில்டாவின் பேஸ்மென்ட் அறையில் பதினோரு வருடம் இருந்தான். பனி தள்ளினான், கொதிகலன் ரிப்பேர் பார்த்தான், அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது அவளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான்.

அந்தப் பதினோரு வருடத்தில் அவன் முழுப்பெயரை அவள் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை. ஜமைக்காக்காரர்களிடம் இது அதிசயமா என்ன? சர்ச்சில் 'சகோதரர் கிளிஃபர்ட் காலமானார்' என்று அறிவித்தால் யாரது என்று விழிப்பார்கள். 'நம்ம மொட்டைதான்' என்று யாராவது சொன்ன பிறகுதான் அழுகையே வரும்.

நெட்டை இங்கேயே தங்க அனுமதி கேட்டு, மையத்தில் வக்கீல் மார்வா படிவம் நிரப்பிக் கொடுத்தாள். விசாரணைக்கு அழைப்பு வந்ததும் எடுத்து வாருங்கள், நானே கூட வருகிறேன் என்றாள்.

"உங்க விலாசத்ததான் குடுத்திருக்கேன், மிஸ் ஐசி," என்று நெட்டை வீட்டில் வந்து சொன்னான்.

"குடுத்துக்கோ. வீடு என்ன தேஞ்சா போயிடும்?"

பிப்ரவரியில் பழுப்பு உறை வந்தது. எவரால்ட் கான்ஸ்டன்டைன் பென்னன்ட் என்று அச்சடித்திருந்தது. அவளுக்குத் தெரிந்து பென்னன்ட் என்று யாரும் கிடையாது. அனுமதி இல்லாதவர்கள் குடியிருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. அரசாங்க உறையில் தெரியாத பெயர் இருந்தால் திறக்கவும் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. தேடிக்கொண்டு யாராவது வாசலுக்கு வந்துவிட்டால்? நெட்டையைக் காப்பாற்றுவதாக நினைத்து 'இங்கே அப்படி ஒருவர் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் இழுத்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

விசாரணை நாள் வந்தது, போனது. ஏப்ரலில் அவன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போலீஸ் பெயர் கேட்டது. கறுப்பன் ஒருவன் சும்மா நின்றால் அவர்களுக்குக் கேட்க ஏதாவது அகப்பட்டுவிடும். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள், விசாரணைக்கு வராதவன் என்று கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் மார்வா ஐசில்டாவின் சமையலறைக்கு வந்தாள். ஐசில்டா மசாலா பன்னும் சீஸும் எடுத்து வைத்தாள்.

"ஆன்ட்டி, அவர் வேணும்னே வராம ஒளிஞ்சுக்கிட்டார்னு சொல்றாங்க. கடிதம் அவர் கைக்கே போகலைன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டா, வழக்க மறுபடி எடுப்பாங்க. எவரால்ட் பென்னன்ட்னு ஏதாவது வந்துச்சா?"

"எவரால்ட்டா, அது யாரு?"

"நெட்டைதான், ஆன்ட்டி."

ஐசில்டாவுக்கு அந்தப் பழுப்பு உறை நினைவுக்கு வந்தது. சர்ச்சில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் படித்துக் கேட்பார்கள். அப்படிப் பேர் வாங்கியவள் செய்த காரியமா இது? அரசாங்கக் கடிதத்தைத் திருப்பியதற்குத் தன்னையும் பிடிப்பார்களோ என்ற பயம் வேறு.

"ஒண்ணும் வரலம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எதைச் சொன்னாலும் உங்க மேல ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

"வரலன்னா வரலதான்."

வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஆமாம் வந்தது என்று ஒரு வார்த்தை, பாவி மனுஷி, சொல்லியிருக்கலாம். மார்வா மடியிலிருந்த கைப்பையைத் திறக்கப் போய், மறுபடி இறுக்கி மூடினாள். பிறகு தன் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

பத்தொன்பது நாள் ஐசில்டா தூங்காமல் கிடந்தாள். வாசலில் அவன் பனிக்கால பூட்ஸ் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். இருபதாம் நாள் முட்டி வலியோடு மையத்தின் மாடிப்படி ஏறினாள்.

"நான்தாம்மா திருப்பி அனுப்பினேன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

மார்வா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து காலையில விமானத்துல ஏத்திட்டாங்க, ஆன்ட்டி."

அடுத்த புதனிலிருந்து ஐசில்டா அந்த மேசைக்கு வந்துவிட்டாள். படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். ஆறு வருடமாகிறது.

நெட்டை ஞாயிறுதோறும் ஊரிலிருந்து போன் செய்வான். சேனைக்கிழங்குத் தோட்டத்தைப் பற்றிச் சொல்வான், அவள் முட்டியை விசாரிப்பான். கடிதத்தைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. இந்த ஈஸ்டரன்று மனசு தாங்கவில்லை.

"நெட்டை, அந்தக் கடுதாசி இருக்கே..."

"தெரியும், மிஸ் ஐசி."

"என்னடா தெரியும்?"

"நான் உள்ள இருந்தப்பவே மார்வா அந்த உறையைக் காட்டுச்சு. ஆபீஸ் ஃபைல்ல இருந்துச்சாம், நானே எழுதித் திருப்பிட்டேன்னு சொன்னாங்களாம். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? ஃப்ரிட்ஜ்ல 'என் கோழியத் தொடாதே'ன்னு பதினோரு வருஷம் படிச்சவனாச்சே."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லாம இருந்த?"

"உறையக் காட்டினா நீங்க பயந்துடுவீங்க, கேட்டு மட்டும் பாருன்னு நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். நீங்களாவே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். ஏத்துற அன்னிக்குக் காலையிலகூட, யாராவது வந்தாங்களான்னு ஆபீசர்கிட்ட கேட்டேன்."

ஐசில்டா வாசலில் இன்னும் இருந்த அவன் பூட்ஸைப் பார்த்தாள்.

"சரி, அத விடுங்க. முட்டி எப்படியிருக்கு?" என்று கேட்டான்.

வழக்கமாக அவன் கேட்கிற கேள்விதான்.