மற்றவை என்றொரு கட்டம்

ஆரோக்கிய ராணி அக்காவைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. நானும் பக்கத்து ஊரில் கிராம நர்சுதான். அதே பதிவேடு, அதே மாதக் கூட்டம், அதே பயம்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் அக்கா வேலை பார்த்த ஊரில் 2008இல் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். லாரி லாரியாக ரசாயனம் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து, அழுத்தம் கொடுத்து நிலத்துக்குள் செலுத்தினார்கள். என்ன ரசாயனம் என்று கேட்டால் அது கம்பெனி ரகசியமாம். நாலே மாதத்தில் அடிபம்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை. தலைவலி, அரிப்பு, வாந்தி என்று பெண்கள் அக்காவிடம் வந்தார்கள். லோகநாயகியின் இரண்டு வயது மகள் அனுப்பிரியாவுக்கு மூச்சு இழுத்தது.

பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் ஏது? கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று உண்டு. முதல் மாதம் அக்கா அதில் நாற்பத்தொரு பேரை எழுதினார். கூட்டத்தில் மேற்பார்வையாளர் கடுகடுத்தார்.

“மத்தவை இவ்ளோ ஜாஸ்தியா இருந்தா மேலேர்ந்து கேள்வி வரும்மா. பிரிச்சி எழுதத் தெரியாதா?”

அந்த மாதத்தையும் திருத்தி, எல்லா மாதமும் பிரித்து எழுதினார். அரிப்பு சிரங்கானது, வாந்தி வயிற்றுப்போக்கானது, அனுப்பிரியாவின் மூச்சிரைப்பு சளியானது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதுவோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம். வெட்கங்கெட்ட பிழைப்பு.

2011இல் லோகநாயகி ஊரைத் திரட்டிக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். நஷ்டஈடு கேட்கவில்லை. டாக்டர்களை அனுப்பி ரத்தத்தையும் தண்ணீரையும் சோதிக்கச் சொன்னார், அவ்வளவுதான். விசாரணைக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். நான் துணைக்குப் போனேன்.

“கெணத்தால உடம்புக்குக் கெடுதின்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல” என்றார் அதிகாரி.

“யாரும் ஆராய்ச்சியே பண்ணலியே சார். அதத்தான கேக்க வந்துருக்கோம்” என்றார் லோகநாயகி.

“பண்றதுக்கு ஒரு முகாந்திரம் வேணுமில்ல?” அக்காவின் பதிவேட்டை விரித்துக் காட்டினார். மூன்று வருடமும் எல்லா ஊரையும் போலத்தான் இருந்தது.

அக்கா எழுந்தார். “சார், அந்தக் கொழந்தைக்குச் சளி இல்ல. கட்டத்துக்காக நாந்தான் அப்படி எழுதினேன்.”

“அப்ப மூணு வருஷமா கவர்மென்ட் ரிஜிஸ்டர்ல பொய் எழுதிருக்கீங்க. அதையே கைப்பட எழுதிக் குடுங்க, மெமோ போட்டுடலாம்.”

அக்கா கணவரை இழந்தவர். பென்ஷனுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. லோகநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார்” என்று அக்கா உட்கார்ந்தார். “ரிஜிஸ்டர்ல இருக்கறது சரிதான்.”

மனு தள்ளுபடியானது. வெளியே லோகநாயகி சண்டை போடவில்லை. மூச்சிரைத்த ஐந்து வயது மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “இனிமே புள்ளைக்கு என்ன மருந்து குடுக்கறது, நர்சம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். என் பையிலும் சளி மருந்துதான் இருந்தது.