எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தவள்

பெலிண்டாவை மைதானத்தில் எல்லோரும் லைன்ஸ்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்ணாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றாது. பொன்மலை ரயில்வே பணிமனை ஆபீசில் கிளார்க் வேலை. லீவு போட்டால் கையில் கொடியோடு கால்பந்து மைதானத்தின் ஓரக்கோட்டில் ஓட்டம். பந்தைப் பார்ப்பது அவள் வேலை இல்லை, அதை ஊரே பார்க்கும். கோலைக் காக்கிற பெண்களில் கடைசிக்கு முந்தியவள் எங்கே நிற்கிறாளோ, அவளுக்கு நேராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எதையும் நினைக்க விடாத வேலை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வருஷம் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போன ஆகஸ்டில் அவள் புருஷன் ரெஜிஸ், காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன், அப்படியே சரிந்தான். ஒருக்களித்து, ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தான். பெலிண்டா பக்கத்தில் பையோடு நின்றிருந்தாள். யாரோ ஆட்டோ பிடித்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், போகும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். அடக்கத்தன்று சொந்தக்காரர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ, இவள் மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். சரியான கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்குக் கோபம்கூட வரவில்லை. கோபமாவது வந்தால் தேவலை என்றுதான் நினைத்தாள்.

மே மாதம் தேசிய மகளிர் கோப்பை தொடங்கியது. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், மறுவாய்ப்பெல்லாம் கிடையாது. நடுவர்களுக்கும் அதே கதி. சுற்றுக்குச் சுற்று ஆட்டம் குறையும், ஆட்களையும் கழித்துக்கொண்டே வருவார்கள். பெலிண்டா கழிபடவில்லை. புவனேஸ்வரில் ரசிகர்கள் தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். கோவாவில் ஒரு கோச் முகத்துக்கு நேரே வந்து கத்தினார். இவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என்ன நிதானம், என்ன நிதானம் என்று பெரியவர்கள் மெச்சினார்கள். மரத்துப்போனதற்கு அப்படியும் ஒரு பேர் இருக்கிறது போலும்.

ஆகஸ்டில் கொல்கத்தாவில் பைனல். அதே நாளில்தான் சர்ச்சில் ரெஜிசுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. கே.கே. நகர் வீட்டில் மாமியார் லூர்துராணி காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே நாள்ல வருதே. நீ எங்க இருப்ப?"

"செலக்ட் பண்ணுனா போய்த்தான ஆகணும் அத்தை."

"பண்ணலைன்னா?"

பெலிண்டா குனிந்து ஷூவைத் துடைத்தாள். செலக்ட் பண்ண வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆசை. பேருக்கும் புகழுக்கும் இல்லை. பூசைக்குப் போனால் பிறகு கல்லறைக்குப் போக வேண்டும். அங்கே கல்லில் அவன் பெயர் இருக்கும். அன்றைக்கு இந்த ஊரில் இல்லாமல் இருந்தால் போதும் அவளுக்கு. கல்லறைக்குப் பயந்து கொல்கத்தாவுக்கு ஓடுகிறவளை இவர்கள் நிதானக்காரி என்கிறார்கள்.

அரையிறுதி திருச்சி அண்ணா ஸ்டேடியத்திலேயே நடந்தது. கொச்சியும் இம்பாலும் மோதின. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாம் பாதியில் இம்பாலுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரே வர, ஏழெட்டுப் பேர் ஒன்றாக எம்பினார்கள். கொச்சிப் பெண் லிசி தன் கோல்கீப்பரோடேயே மோதி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தாள். ஒருக்களித்து, ஒரு கை அடியில் மடங்கக் கிடந்தாள்.

பெலிண்டா பார்த்தாள். பார்த்த கண்ணை உடனே எடுத்துவிட்டாள்.

ஆட்டம் நிற்கவில்லை. பந்து கோல் முன்னாலேயே கால் மாறிக் கால் பட்டுக்கொண்டிருந்தது. இம்பால்காரி ஒருத்தி அதை முன்னால் தள்ள, இன்னொருத்தி கோல்கீப்பரை ஏமாற்றி உள்ளே அடித்தாள். பெலிண்டாவின் கொடி உயர்ந்தது. ஆப்சைடு என்று விசில் ஊதினார்கள். கோல் செல்லாமல் போனது.

கணக்கு இதுதான். பந்து முன்னால் தள்ளப்படும்போது அதை வாங்குகிறவளுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். பெலிண்டா கோல்கீப்பர் ஒருத்தியை மட்டும் எண்ணினாள். ஆனால் கோட்டைத் தாண்டி விழுந்து கிடப்பவளையும் கோட்டின் மேல் நிற்பவளாகவே வைத்து எண்ண வேண்டும். லிசியைச் சேர்த்தால் இரண்டு. அது சுத்தமான கோல். பெலிண்டா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய விதி.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கொச்சி ஒரு கோல் போட்டது. இம்பால் வெளியேறியது. அந்தப் பெண்கள் புல்லில் குப்புற விழுந்து கதறினார்கள். பெலிண்டா கொடியைச் சுருட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து நடந்தாள்.

கேலரிக்குக் கீழே அனுபமா காத்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், பழைய நடுவர். இப்போது நடுவர்களுக்கு மார்க் போடுகிறவர்.

"டிவில திரும்பத் திரும்பப் போடறான். அது கோல், பெலிண்டா."

"சரிக்கா."

"அந்தப் பொண்ணு விழுந்து கிடந்தது உனக்குத் தெரியலையா? கோல் பக்கத்துல போட்டோகிராபர் ஒருத்தர் எழுந்து நின்னாரே, அவர் மறைச்சிருப்பார். மறைச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். பைனல் உனக்குத்தான்."

அனுபமாவுக்கு நல்ல மனசு. பெலிண்டாவும் ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது டிரெஸ்சிங் ரூம் கதவைத் திறந்துகொண்டு லிசி வந்தாள். தோளில் ஐஸ் கட்டியிருந்தார்கள், ஒரு கையில் பாதி தின்ற வாழைப்பழம். யாரையோ பார்த்துச் சிரித்தபடி, லேசாக நொண்டிக்கொண்டு, இவர்களைத் தாண்டிப் போனாள்.

பெலிண்டா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் மறைக்கலக்கா. பார்த்தேன்."

"பார்த்தியா? அப்புறம் ஏம்மா கொடியைத் தூக்கின?"

"அவ எந்திரிக்கவே மாட்டாளோன்னு இருந்துச்சு. அதான் கண்ண எடுத்துட்டேன்."

பார்த்தும் தப்பாகக் கொடி காட்டியவளுக்கு யாரும் பைனல் கொடுக்க மாட்டார்கள், அது இருவருக்கும் தெரியும். அனுபமா பெலிண்டாவின் தோளைத் தொட்டுவிட்டு மாடிப்படி ஏறினார்.

பெலிண்டா படியிலேயே உட்கார்ந்தாள். கீழே விழுந்தவர்கள் இப்படித்தான் எழுந்து வருவார்கள். வாழைப்பழம் தின்பார்கள். ரெஜிஸ் எழுந்து வரவில்லை. இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அவன் செத்தது போல இருந்தது. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"அத்தை, கொல்கத்தா இல்ல. அவரு பூசைக்கு நான் இருப்பேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அது அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

"ஏம்மா, அழுவுறியா?"

"ஆமா அத்தை."

"அழும்மா," என்றாள் லூர்துராணி. "நல்லா அழு. நான் போனை வைக்கல."