வரப்பை வெட்டியவர் சொன்ன சாரி

மிதிபட்ட பச்சை நெல்லின் வாசம் மூக்கில் ஏறியதும் வயலுக்கு ஓடினேன். பக்கத்து நிலத்துக்காரரின் மகன், தன் வயலுக்குக் குறுக்குவழியாக, அறுவடை இயந்திரத்தை என் பயிருக்குள் விட்டிருந்தான்.

"சாரிண்ணா," என்றான் சிரித்துக்கொண்டே.

இவன் அப்பன் சொன்ன அதே சாரி. என் சிறுவயதில், ஏரித் தண்ணீர் எங்கள் முறைக்கு வரும்போதெல்லாம் அந்த ஆள் எங்கள் வரப்பை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்டால் "சாரி" என்பார். என் நைனா "பரவால்லீங்க" என்று சேற்றுக் காலோடு திரும்பிவிடுவார்.

"சாரின்னா இன்னா நைனா?"

"தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

"அப்ப தண்ணி ஏன் இன்னும் அங்கயே போய்க்கினு கீது?" என்று கத்தினாள் அம்மா. நைனா காலைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது நான் இயந்திரத்தில் ஏறிச் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டேன்.

"அண்ணா, சாவி!"

"சாரி தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.